தண்ணீருக்கும் இடம் வேண்டும்

சென்னைக்கு ஆறுகளால் குறைவில்லை. நகரின் நடுவே கூவம், தெற்கே அடையாறு, இரண்டையும் வெட்டிக் கொண்டு செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய். ஆயினும் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் வீதியில் படகு விட வேண்டியிருக்கிறது. சித்திரையில் குடிநீருக்காகக் குடத்துடன் நிற்க வேண்டியிருக்கிறது. இதற்கு வருணன் மீது பழி போடுவதில் பயனில்லை.

தண்ணீர் தங்கிய இடங்களையெல்லாம் நாமே பறித்துக் கொண்டோம். மாம்பலம் ஏரி 1920-களில் தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டோம். விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று அடையாற்றைத் தாண்டிப் போகிறது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஆறு கரை கடந்தபோது விமான நிலையமே பல நாள் மூடிக் கிடந்தது.

இதற்குச் செய்யப்படும் பரிகாரம் என்ன? மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு. சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. வடிகால் கட்டுவோர் தண்ணீரைச் சீக்கிரமாக ஆற்றில் தள்ளிவிட்டால் தம் வேலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். எல்லா வடிகால்களும் ஒரே சமயத்தில் வந்து கொட்டினால், முகத்துவாரத்தில் மணல் அடைத்துக் கிடக்கும் ஆறு என்ன செய்யும்? வந்த நீரை ஊருக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது.

ஆற்றைச் சீர்திருத்துவதும், மழைநீரைத் தேக்கி வடிப்பதும், கரையில் மரநிழற் பாதை அமைப்பதும் மூன்று வேலைகள் அல்ல, ஒரே வேலை. சிங்கப்பூரில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே பீஷான் வட்டாரத்தில் கல்லாங் ஆறு நேர்கோடான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. அதையொட்டி ஒரு பூங்கா. இரண்டுக்கும் இடையே வேலி. நீர் நிர்வாகமும் பூங்கா நிர்வாகமும் ஒன்று கூடி அந்த வேலியை எடுத்தன; சிமெண்டைப் பெயர்த்து, ஆற்றை வளைந்து ஓட விட்டன. 2012-இல் வேலை முடிந்தது. முன்பு இருபது மீட்டர் அகலத்தில் அடைபட்டிருந்த நீர், வெள்ளத்தின்போது நூறு மீட்டர் வரை பரவுகிறது. மற்ற நாட்களில் அதே நிலம் குழந்தைகள் விளையாடும் புல்வெளி.

நமக்கும் இது கைகூடாததல்ல. குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த அடையாற்றுக் கழியில் 58 ஏக்கரைத் திருத்தி, நீரோட்டத்தைத் திறந்து, நம் நாட்டு மரங்களை நட்டு, 2011-இல் பூங்காவாக்கியது நம்மவர்கள்தான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். ஆற்றைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்லி, கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டு போய் வைத்தார்கள். அவ்விடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமி. மழைக் காலத்தில் அங்கும் நீர் தேங்குகிறது. வெள்ளத்தினின்று காப்பதாகச் சொல்லி வெள்ளத்தின் மடியிலேயே குடியேற்றுவது எந்த நியாயம்? குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு, ஓடுபாதையும் ரயில் தூணும் அபிவிருத்தி என்றால் அந்த நீதியை யார் ஒப்புவார்கள்? ஏழைகளை விரட்டி விட்டுக் கனவான்கள் காற்று வாங்கப் பாதை போடுவது சீர்திருத்தமாகாது. கரையை விட்டு எழுந்திருக்க வேண்டியவர்களுக்கு, பிழைப்புக்கு அருகிலேயே மேட்டு நிலத்தில் வீடு தர வேண்டும். தண்ணீருக்கு வழி விடும் கடமை பெரிய கட்டடங்களுக்கும் உண்டு.

பொது வேலையில் ஈடுபட்டிருப்போர் வெள்ளத்தின்போது சோற்றுப் பொட்டலம் வழங்குவதோடு நின்றுவிடலாகாது. தத்தம் வட்டாரத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது, முன்பு எங்கே தங்கியது, அவ்விடம் இப்போது யார் வசம் இருக்கிறது என்று கோடையிலேயே விசாரிக்க வேண்டும். விடை கிடைக்கும் வரை அதிகாரிகளை விடலாகாது. இலாகாக்களுக்கு இடையே உள்ள வேலியை ஜனங்கள்தான் பிடுங்க வேண்டும். தண்ணீர் தனக்குரிய இடத்தை எப்படியும் கேட்டு வாங்கும். நாமாகக் கொடுத்தால் அது பூங்கா. தானாக எடுத்துக் கொண்டால் அது பிரளயம்.