கிண்டித் திரையும் விருப்பப் பட்டியலும்

2017 வரை பொறியியல் கவுன்சலிங் என்றாலே சென்னைப் பயணம்தான். நாகர்கோவிலிலிருந்தும் கூடலூரிலிருந்தும் இரவு பஸ் பிடித்து, விடிகாலையில் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வாசலில் வந்து இறங்குவார்கள். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் பிள்ளைக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் அரசு பஸ்ஸில் பாதிக் கட்டணம். உள்ளே பெரிய திரையில் கல்லூரிவாரியாக, பாடப்பிரிவுவாரியாக, மிச்சமிருக்கும் இடங்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆசைப்பட்ட கல்லூரியில் ஈசிஇ மூன்றாகி, இரண்டாகி, நம் முறை வருவதற்குள் தீர்ந்துபோகும். "அப்பா, அங்க சிவில்தான் இருக்கு, எடுத்துக்கவா?" என்று மகள் கேட்பாள். நாலு வருஷப் படிப்பை நாலு நிமிஷத்தில் முடிவு செய்தாக வேண்டும்.

அலைச்சலும் பதற்றமும் கொஞ்சமல்ல. ஆனாலும், கண்ணுக்குத் தெரிந்த இடத்தைத்தான் கேட்டார்கள். கேட்டது அங்கேயே கைக்கு வந்தது. பிற்பாடு ஒருவர் மருத்துவம் கிடைத்துப் போய்விட்டால் அவர் விட்ட இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அதற்கு ஏங்கியவர் அதற்குள் வேறெங்கோ சேர்ந்திருப்பார்.

2018-இல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு மாறியது. தரவரிசைப்படி மாணவர்களைச் சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். அவரவர் சுற்றில் கல்லூரியையும் பாடத்தையும் சேர்த்துச் சேர்த்து விருப்பப் பட்டியல் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நம் முறை வரும்போது கணினி பட்டியலின் முதல் வரியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதைக் கொடுத்துவிடும்.

இங்கேதான் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் ஒரு தாயும் மகளும். கணினி முன் இருந்த பையன், "அக்கா, இதெல்லாம் பாப்பா கட்-ஆஃபுக்கு வராது, விட்டுருங்க" என்று மேலே இருந்த கல்லூரிகளை அழித்துக்கொண்டே வந்தான். நல்லெண்ணத்தில்தான் செய்தான். ஆனால் வராத கல்லூரியை மேலே வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. கணினி அதைத் தாண்டிக் கீழே வந்துவிடும். வேண்டாத பாடத்தை, சுலபமாகக் கிடைக்கும் என்று மேலே வைப்பதுதான் ஆபத்து. கிடைத்துவிடும்! அதற்குக் கீழே இருக்கும் வரிகளைக் கணினி பார்க்கவே பார்க்காது. ஆசைப்பட்ட வரிசையில் போடு, பத்தோடு நிறுத்தாதே, இடம் இல்லாமல் போகாதபடி நீளமாகப் போடு என்று கேட்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2022-இல் வந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்ந்துவிடலாம். அல்லது ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே இருப்பவை காலியானால் தரும்படி கேட்கலாம். "அப்வர்டு" என்பது அதுதான். குறித்த நாளுக்குள் பணம் கட்டிச் சேராதவர்களின் இடம் ரத்தாகி, காத்திருப்பவர்களுக்குப் போகிறது. மேலே கிடைத்தால் பழைய இடம் போய்விடும். கிடைக்காவிட்டால் கையில் இருப்பது கையிலேயே இருக்கும். அன்று காலியாகக் கிடந்த நாற்காலியில் இன்று ஒரு பிள்ளை உட்கார வழி பிறந்திருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டை உறுதி செய்யக் கொடுப்பது ஓரிரு நாள்தான். ஓடிபி வரும் போன் வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருந்தால், அந்த நாளும் கைவிட்டுப் போகும்.

என் கவலையெல்லாம் கடைசிச் சுற்றுக்கு வரும் பிள்ளைகளைப் பற்றித்தான். கட்-ஆஃப் குறைவு, வீட்டில் முதல் பட்டதாரி, வழிகாட்ட ஆள் இல்லை. பெயர் கேள்விப்படாத கல்லூரிகளே மிச்சமிருக்கும் நேரத்தில்தான் இவர்கள் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. கிண்டியில் பக்கத்து நாற்காலிக்காரரிடமாவது கேட்கலாம். வீட்டில் தனியாகச் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை யாரைக் கேட்கும்? மாவட்டந்தோறும் உதவி மையம் இருக்கிறது. அங்கே காசில்லாமல் பட்டியல் போட உதவுவார்கள். பட்டியலை லாக் செய்யும் முன் அங்கே ஒரு நடை போய் வரச் சொல்லுங்கள். சேரப்போகும் கல்லூரியையும் ஒருமுறை நேரில் பார்த்து, ஆய்வகம் திறந்திருக்கிறதா, ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேட்டு வரட்டும்.