பழைய இழைப்பு இயந்திரத்தை என்ன செய்வது?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது காஹாங். தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போவோர் இதன் வழியேதான் பெத்தா செல்வர். இத்தகைய ஊரில் தச்சுத் தொழில் செய்த பெரியவர் ஒருவர் காலமாகி, தகரக் கொட்டகையில் ஓர் இழைப்பு இயந்திரத்தை விட்டுச் சென்றிருப்பதாக வைத்துக் கொள்வோம். வார்ப்பிரும்பாலானது, நான்கு பேர் சேர்ந்தாலும் எளிதில் அசையாது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறான் மூத்த மகன். மோட்டாரை மாற்றி ஓட்டிப் பிழைக்கலாம் என்கிறான் இளையவன். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த தாயோ, "உங்கள் அப்பா கை பட்டது, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறாள்.

மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் இருப்பது என்ன என்று மூவருமே பார்க்கவில்லை. அதைப் பாராமல் செய்யும் முடிவு எதுவாயினும் தவறாகலாம். ஒரு முடிவு விரலையே பறிக்கலாம்.

கை இழைப்புளியில் மரம் அசையாது. உளிதான் மரத்தின்மேல் ஓடுகிறது. இயந்திரத்தில் இது தலைகீழ். இரண்டு இரும்பு மேசைகளுக்கு இடையே கத்திகள் பூட்டிய கட்டை ஒன்று நிமிடத்திற்கு 3,000, 4,000 முறை என்று சுழல்கிறது. மனிதன் மரத்தைக் கையால் அழுத்தி அதன்மேல் தள்ளுகிறான். அதாவது, கை கத்தியை நோக்கிப் போகிறது. மரம் இடறினாலோ சட்டென்று பின்னுக்கு உதைத்தாலோ, மரம் இருந்த இடத்தில் கை இருக்கும்.

தமிழில் 'இழைத்தல்' என்னும் சொல் மரத்தைச் சீவுவதற்கும், சுக்கைக் கல்லில் உரைப்பதற்கும், தீங்கு செய்வதற்கும் பொதுவாக வழங்குவதை ஆசிரியர்கள் அறிவர். இந்த இயந்திரத்திற்கு முதற்பொருளும் கடைசிப் பொருளும் ஒருங்கே பொருந்தும்.

பழைய இயந்திரங்களில் அந்தக் கட்டை சதுரமாக இருந்தது. சதுரம் சுழலும்போது அதன் மூலைகளுக்கு இடம் வேண்டும். ஆகவே மேசைகளுக்கு நடுவே அகன்ற வாய் விடப்பட்டது. மூலைகளுக்கு இடையில் உள்ள தட்டைப் பக்கத்தில் ஆழமான பள்ளம் உண்டாகிறது. தவறி விழும் விரல் அந்தப் பள்ளத்துக்குள் இழுக்கப்படும். நுனி மட்டும் போய்த் தப்புவது அரிது. பின்னர் வந்த உருண்டைக் கட்டையில் கத்தி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரே வெளியே நிற்கும், வாயும் குறுகலாகும். அதிலும் காயம் நேரும். ஆனால் கை உள்ளே போகாது. கையால் மரம் தள்ளும் இழைப்பு இயந்திரங்களில் உருண்டைக் கட்டையே இருக்க வேண்டுமென்று பிரிட்டன் 1922-ஆம் ஆண்டிலேயே விதி செய்தது. மலேசியாவில், இயங்கும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்னும் விதிகள் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1970-இல் வந்தன. அந்தச் சட்டம் 2024 ஜூன் முதல் நடப்பில் இல்லை; தொழிலிடப் பாதுகாப்பு பற்றிய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடத்தை நிரப்புகிறது.

ஆகையால் முதல் வேலை இதுவே: மின்சாரத்தைத் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றி, மேசைகளை விலக்கி, கட்டையை ஒரு மரக்குச்சியால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். விரலால் திருப்பலாகாது, நின்றுபோன கத்தியும் கத்தியே.

அடுத்துப் பார்க்க வேண்டியவை சில. சுழலும் தண்டின் மேலே எண்ணெய்க் கிண்ணம் இருந்தால், உள்ளே குண்டுப் பேரிங்குக்குப் பதிலாக வெள்ளை உலோகம் வார்த்திருக்கக்கூடும். வெள்ளீயத்துடன் ஆன்டிமனியும் செம்பும் கலந்த இதற்கு, 1839-இல் காப்புரிமை பெற்ற ஐசக் பாபிட்டின் பெயரே வழங்குகிறது. தேய்ந்தாலும் உருக்கி மறுபடி வார்க்கலாம். எனவே ஆடுகிறது என்பதற்காக எறிய வேண்டியதில்லை. வார்ப்பிரும்பில் வெடிப்பு இருந்தால் கதை வேறு. அதைப் பற்றவைப்பது எளிதன்று. சந்தையில் சட்டி வாங்குவோர் தட்டிப் பார்ப்பதுபோல், கழற்றிய பாகத்தை மரச்சுத்தியால் தட்டினால் ஓசையே ஓரளவு காட்டிக் கொடுக்கும். பழைய வண்ணப்பூச்சைத் தேய்த்து அகற்றும் அவசரம் வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம். தூசி நுரையீரலுக்கு ஆகாது. பெயர்த்தகடும் வரிசை எண்ணும் அழிந்துவிட்டால் இயந்திரத்தின் வயதை அறியும் வழியும் போய்விடும்.

இளையவன் ஓட்ட நினைக்கிறானே, எந்த மரத்தை இழைப்பான்? தந்தை காலத்தில் செங்காலும் மெராந்தியும் நீண்ட பலகைகளாக வந்திருக்கும். இன்று ஜொகூரில், குறிப்பாக மூவாரின் நாற்காலி, மேசைத் தொழிலில், ரப்பர் மரத்துக்குப் பெரிய இடம் உண்டு. முன்பு புகைக்கூண்டில் விறகாய் எரிந்த அந்த மரம் 1970-களுக்குப் பின்னரே தளவாட மரமாகப் பெயர் பெற்றது. ஆனால் பால்மரத்தில் நீளமான பலகை கிடைப்பது குறைவு. குட்டைத் துண்டுகளே மிகுதி. குட்டைத் துண்டைக் கையால் தள்ளுவதுதான் இந்த இயந்திரத்தில் மிக ஆபத்தான செயல். ஓரடிக்கும் குறைவான துண்டை அதில் வைக்கவே கூடாது. ஆகவே கட்டை சதுரமாயின் இளையவன் ஆசைக்கு அங்கேயே தடை. அளவொத்த உருண்டைக் கட்டையைத் தேர்ந்த பட்டறையில் பொருத்தி, எடைச் சமன் பார்த்து, தடுப்பும் அமைத்தால்தான் மறுபேச்சு.

அவ்வாறு இயலாவிடில் தாயின் சொல்லே சரி. கத்திகளையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, எண்ணெய் பூசி, மழை படாத இடத்தில் வைக்கலாம். பழைய இயந்திரம் ஓடினால்தான் மதிப்பு என்பதில்லை. கப்பல் கப்பிகள் செய்யப் புரூனல் வகுத்து, மாட்ஸ்லி செய்து கொடுத்த போர்ட்ஸ்மவுத் இயந்திரங்கள், பத்துப் பேரைக் கொண்டு நூற்றுப் பத்துப் பேரின் வேலையை முடித்தவை. அவற்றுட் சில இப்போது லண்டன் அறிவியல் காட்சிச்சாலையில் ஓய்ந்து நிற்கின்றன. தமிழ்ப்பள்ளி ஒன்று கேட்டால் கொடுக்கலாம். கத்தியோடு மட்டும் கொடுக்கலாகாது.

மூத்தவன் விற்பதிலும் குற்றமில்லை. கட்டை உருண்டையாகவும் வார்ப்பு நல்லதாகவும் இருந்தால், எடைக்குப் போடுவதைவிட வேலை தெரிந்த தச்சருக்கு விற்பது இலாபம். சதுரக் கட்டை என்பதை மறைத்து விற்பதுதான் பிழை. பெரியவர் தம் கைக்கென்று செய்து வைத்த தள்ளுகட்டை கொட்டகை மூலையில் எங்கேனும் கிடக்கும். அதை விறகென்று எண்ணி அடுப்பில் வைத்துவிடாமல், திருகுசாவிகளோடு சேர்த்து வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.