பார்க்க வருகிறேன் பேர்வழி...

மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் சாயங்காலம், விருதுநகரில் அவர் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணிப் பார்த்தேன். 17 ஜோடி. கூடத்தில் இடம் போதாமல் பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்திருந்தன. நடுவில் மாமா, நெஞ்சோடு தலையணையை அணைத்தபடி. மதுரையில் மயக்கம் தெளிந்து கண் விழித்த கதையை அன்றைக்கு ஆறாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "தையல் எதுவரைக்கும் போகுது அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார். மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மொத்தக் கூட்டமும் குனிந்து பார்த்தது. அதில் இரண்டு பேர் இருமிக்கொண்டிருந்தார்கள்.

பைபாஸ் முடிந்து வந்தவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கிறது. ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிடலாம். அப்பளம், கருவாடு, மோர் மிளகாயை அக்கம்பக்கம் கொடுத்துவிடலாம். ஆப்பிள் பையோடு வாசலில் வந்து நிற்கும் சொந்தபந்தத்தை எந்தப் பரணில் ஏற்றுவது? என் கவலை அதுதான்.

அத்தை எட்டாம் வகுப்பு படித்தவர். ஆனால், நர்ஸ் சொன்ன ஒன்றையும் விட்டுவிடவில்லை. ஆபரேஷனில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, ஸ்டீல் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது கூடி வர 6 முதல் 12 வாரமாகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. நிறைந்த குளியல் வாளியே 15 கிலோவைத் தாண்டும் என்பதால் தண்ணீரைத் தானே மொண்டு ஊற்றினார். தரையில் பாய் விரித்துப் படுத்தவருக்குக் கட்டில் வந்தது. கழிப்பறைக்கு ஓட்டை போட்ட நாற்காலி வந்தது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ளவும், படுக்கையில் ஒருக்களித்துத் திரும்பி, காலை வெளியே போட்டு எழவும் மாமாவைப் பழக்கியிருந்தார்.

ஆனால், ஆள் வந்தால் மாமா எழுந்து நிற்பார். நாற்பது வருஷம் மளிகைக் கடை நடத்திய பழக்கம். இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்தி எம்புவார். அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வரும்: "ஊன்றாதீக!" வந்தவர் பதறி, "உட்காருங்க அண்ணாச்சி" என்பார். அதற்குள் எம்பியாகிவிட்டிருக்கும்.

கால் கதை இன்னும் மோசம். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால், உட்காரும்போது ஸ்டூல் மேல் இருக்க வேண்டும். "வந்தவுக முன்னாடி காலை நீட்டிக்கிட்டா இருக்கிறது?" என்று மாமா ஸ்டூலைத் தள்ளிவிடுவார். ராத்திரி கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. மறுநாளே அத்தை எடை மெஷின் வாங்கிவரச் சொன்னார். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், உடனே டாக்டருக்கு போன் போட வேண்டும். காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலும், தையல் சிவந்து சீழ் கசிந்தாலும், நெஞ்செலும்பில் 'களுக்'கென்று சத்தம் கேட்டாலும் அப்படித்தான். மூச்சு முட்டினால் போனெல்லாம் கிடையாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

மூச்சை இழுத்தால் மூன்று பந்துகள் மேலே எழும்பும் கருவி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நுரையீரலில் சளி கட்டாமலிருக்கத்தான் அது. மாமாவின் வாய் மட்டுமே படவேண்டிய சாமான். நான் பார்த்தபோது, மூக்கு ஒழுகும் ஐந்து வயதுப் பையன் ஒருவன் அதை வாயில் வைத்துப் பந்தை எழுப்பிக்கொண்டிருந்தான். அவன் அம்மா கைதட்டினார்.

நடைப் பயிற்சியை முதல் வாரம் 5 நிமிஷத்தில் தொடங்கி, ஒன்றரை மாதத்தில் அரை மணிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார்கள். வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு நடக்கலாம் என்றால், விருந்தாளிகளுக்கும் அதுதான் தோதான நேரம். நடை தள்ளிப்போகும், எட்டு மணி மாத்திரை ஒன்பதரைக்குப் போகும். அத்தைக்கும் சர்க்கரை உண்டு. ஒரு நாளைக்கு முப்பது காபி ஆற்றியவர், மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டார். அதை ஒருவரும் கேட்கவில்லை.

ஆறுதல் சொல்ல வந்த ஒரு அம்மாள் சொன்னது: "எங்க சம்பந்திக்கும் இதே ஆபரேஷன்தான். நல்லாத்தான் இருந்தாரு. எட்டே மாசம்." அன்று ராத்திரி மாமா சுவரைப் பார்த்துப் படுத்து அழுதார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு காரணமில்லாமல் கண் கலங்குவதும் மனம் சோர்வதும் பலருக்கும் வருவதுதான். வாரக்கணக்கில் விடாவிட்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதோடு எட்டு மாதக் கணக்கையும் யாராவது கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா?

நாலு பேர் வந்து பார்ப்பதே பாதி மருந்து என்பார்கள். இருக்கட்டும். மருந்து என்றால் அளவு உண்டு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இரண்டாம் மாதம் மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒரு பாட்டிலோடு வந்தார். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றோடு ஆப்பிள் வினிகரைக் காய்ச்சித் தேன் கலந்தது. "அடைப்பு தானாக் கரைஞ்சிரும். இத்தனை மாத்திரை தின்னா கிட்னி என்னத்துக்கு ஆகும்?" அடுத்த முறை நான் போனபோது மேஜை டிராயரில் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் பிரிக்காத அட்டையாகக் கிடந்தன. பத்து நாளாகத் தொடவில்லை. பிரிட்ஜில் பாட்டில் பாதி காலி.

என்னை உலுக்கியது அதுதான். காலிலிருந்து எடுத்து இதயத்தில் வைக்கும் ரத்தக்குழாய்களில் ஏறக்குறையப் பாதி, பத்து வருஷத்துக்குள் மறுபடி அடைத்துக்கொள்கின்றன. நெஞ்சுக்குள்ளிருந்தே எடுத்துத் திருப்பிவிடும் தமனி பத்து வருஷம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திறந்தே இருக்கிறது. மாமாவுக்கு ஒன்று நெஞ்சிலிருந்து, இரண்டு காலிலிருந்து. அந்த இரண்டுக்கும் காவல் இருப்பது இந்த மாத்திரைகள்தான். பூண்டை ரசத்தில் போடுங்கள், யார் வேண்டாமென்றது? மாத்திரையின் இடத்தில் அதை உட்கார வைக்காதீர்கள். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-ல் சென்னைப் பெரம்பூரில் நடந்தது. அரை நூற்றாண்டு அனுபவம் எழுதிக்கொடுத்த சீட்டை, நேற்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்த பாட்டில் தோற்கடித்துவிடுகிறது.

மாமாவை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனோம். வாங்கிக் கட்டிக்கொண்டு, அங்கேயே மாத்திரையைப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தை பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தார். பிறகு ஒவ்வொருவருக்காக போன் போட்டார். "பார்க்க வாறீகளா? தாராளமா வாங்க. அஞ்சரைக்கு வாங்க. செருப்பைக் கழத்த வேண்டாம்."

வருகிறவர் மாமாவோடு நடக்க வேண்டும். வீட்டுக்குள் உட்காரல் கிடையாது, காபி கிடையாது. சளி, இருமல் உள்ளவர் போனில் பேசினால் போதும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் பைபாஸ்காரருக்குச் சரியான வேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பேச்சுக்கு ஆள் வேண்டுமே, அதற்கு இவர்கள் ஆயிற்று. இரண்டே வாரத்தில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மிச்சமிருந்தவர்கள் நிஜமாகவே மாமாவைப் பார்க்க வந்தவர்கள்.

ஒன்றுவிட்ட தம்பியும் ஒரு நாள் வந்தார். தெருமுனை டீக்கடை வரைக்கும் பேசிக்கொண்டே போனவர், அங்கே பேச்சை நிறுத்தி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. மாமா அவர் பக்கத்தில் நின்று, மூச்சு நிதானப்படும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலைல உன்னைய ஒரு ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டுப் போறேன். பாட்டிலெல்லாம் வேண்டாம்."