விதைநெல்லுக்கு எடுத்துவைத்த டொலர்

எங்கள் வீட்டில் ஒரு நீலக் கொப்பி இருக்கிறது. அதில் இரண்டு நிரல்கள். ஒன்று 'வீடு', மற்றது 'விதை'. சகோதரிகளே, பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒரு வேலையில் வந்த சிறு காசை எப்படிப் பங்குபோட்டேன், எங்கே பிழைவிட்டேன் என்பதை அந்தக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

2009இல் புதுக்குடியிருப்பிலிருந்து வெளிக்கிட்டபோது அம்மா கைப்பட எழுதிய சமையல் கொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மாவும் அதே வருடம் போய்விட்டா. செட்டிகுளம் முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்ட நாட்களில் அந்தக் கொப்பியின் பக்கங்கள்தான் கண்ணுக்குள் வரும். மீள்குடியேறிய பின்னர், நினைவில் நின்றவற்றை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். ஒடியற்கூழ், குரக்கன் புட்டு, எள்ளுப்பாகு. கணவர் இல்லாத வீட்டில் இரவைக் கடத்துவதற்கு அது ஒரு வழியாகவும் இருந்தது.

2017இல் மகனின் சிநேகிதன் ஒருவர் அவற்றை இன்ரநெற்றில் இலவசமாகப் போட்டுத் தந்தார். கனடாவிலும் ஜேர்மனியிலும் உள்ள எங்கள் பிள்ளைகள் வாசித்தார்கள். காசு வரும் என்று நான் நினைக்கவேயில்லை. கூகிள் நிறுவனம் 2003இல் தொடங்கிய விளம்பரத் திட்டம் 2018 பெப்ரவரியில்தான் தமிழ்ப் பக்கங்களுக்கும் திறக்கப்பட்டது. நம்முடைய பக்கத்தில் அவர்கள் விளம்பரம் போடுவார்கள். கிடைப்பதில் ஒரு பங்கு நமக்கு. பத்து டொலர் சேர்ந்ததும், முகவரி சரிதானா என்று பார்க்க இரகசிய இலக்கம் உள்ள கடிதம் தபாலில் வரும். நூறு டொலர் சேரும்வரை காசு கைக்கு வராது.

எனக்கு நூறு சேரப் பதினைந்து மாதங்கள் எடுத்தன. 2019 ஆடியில் 17,500 ரூபா அளவில் வங்கிக்கு வந்தது. அடைவில் இருந்த சங்கிலியை மீட்கச் சொன்னா மச்சாள். மகளுக்கோ சப்பாத்து வேண்டும். மாதர் சங்கத் தலைவி அக்காவிடம் போய்க் கேட்டேன். அவ கமக்காரக் குடும்பம். "விதைநெல்லையும் சேர்த்து அவிச்சுத் திண்டுபோட்டு, அடுத்த போகத்துக்கு ஆரிட்டைப் பிள்ளை போவாய்?" என்றா. அன்று இரவு நீலக் கொப்பியில் கோடு போட்டேன். பாதி வீட்டுக்கு, பாதி விதைக்கு.

சப்பாத்து வாங்கினோம். சங்கிலி அடைவிலேயே இருந்தது. விதைக்கு வைத்த பாதியில் எங்களுக்கென்று ஒரு சொந்தப் பெயரையும், பக்கங்களை வைத்திருக்க வாடகை இடத்தையும் எடுத்தோம். இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 52 டொலர். என்னிடம் அதற்கான அட்டை இல்லாததால் கனடாவில் இருக்கும் பெறாமகள் கட்டினாள். நான் அவளுடைய அம்மாவிடம் ரூபாவாகக் கொடுத்தேன்.

அடுத்த விதைக்காசு வீணானது. தவணைமுறையில் ஒரு கமெரா வாங்கினேன். படங்கள் வடிவாக வந்தன, ஆனால் வாசிக்க வருபவர்கள் ஒருவர்கூடக் கூடவில்லை. காலை வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்து ரெலிபோனில் எடுத்த படமே போதுமாக இருந்தது. தவணை மட்டும் பதினொரு மாதம் ஓடியது.

இன்னொரு கூத்தும் நடந்தது. "அக்காவுக்கு உதவி செய்வோம்" என்று சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்து என் பக்கத்து விளம்பரங்களை நாள்முழுக்க அமத்தியிருக்கிறார்கள். அப்படிச் செய்வது விதிக்கு மாறானது. அந்த மாத வருமானத்தில் பெரும்பகுதி கழிக்கப்பட்டது. கணக்கையே மூடியிருக்கவும் கூடும். அன்பாலே வந்த வினை, யாரை ஏசுவது?

பலன் தந்தது எது தெரியுமா? பஸ் காசு. 2021இல் விதைக்காசை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக வயதான அம்மாமாரிடம் போனேன். முள்ளியவளையில் ஒரு ஆச்சி பனாட்டுப் போடும் விதத்தைச் சொல்லித்தந்தா. பனங்களியைப் பாயில் ஊற்றிக் காயவிட்டு, அதன்மேல் மறுபடி ஊற்றி, நாட்கணக்கில் வெயிலும் பனியும் பார்த்து எடுக்கும் வேலை. ஐந்நூறு ரூபாவும் வெற்றிலையும் கொடுத்தேன். "வாயாலே சொன்னதுக்கும் காசோ?" என்று சிரித்தா. அந்தப் பக்கம்தான் இன்றுவரை அதிகம் வாசிக்கப்படுகிறது. பெறாமகள் அதை ஆங்கிலத்திலும் சுருக்கி எழுதிப் போட்டாள். கனடாவிலிருந்து ஒருவர் வாசித்தால் கிடைக்கும் விளம்பரக் காசு, இங்கேயிருந்து ஒருவர் வாசித்தால் கிடைப்பதைவிடப் பல மடங்கு என்பதையும் அப்போதுதான் கணக்கில் கண்டேன்.

பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எனக்கு நூறு டொலர் 36,000 ரூபாவாக வந்தது. பெரிய காசு என்று நினைத்தேன். அரிசியும் மாவும் எண்ணெயும் அதைவிட வேகமாக ஓடின. காஸ் இல்லை, மின்சாரம் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை இல்லை. மகளுக்கு உயர்தரப் பரீட்சை. இரண்டு முறை வந்த காசை முழுவதும் 'வீடு' நிரலில் எழுதினேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை, பிள்ளைகள் சாப்பிட வேண்டும்.

ஆவணியில் வருடக் கட்டணம் வந்தது. அதே 52 டொலர், ஆனால் ரூபாவில் 19,000க்கு அருகில். 2019இல் கட்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். விதை நிரல் வெறுமையாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒருநாள் பக்கங்கள் திறக்கவில்லை. தவணை கடந்தால் பெயரை மீட்கச் சில கிழமைகள் தருவார்கள். அதுவும் போனால் யாரும் அதை வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் கொப்பி இரண்டாம் முறையும் தொலையப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பெறாமகள் ரெலிபோன் எடுத்தாள். ரொரன்ரோவில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளைத் தேடிப்பிடித்து, "அந்த அக்காவுக்கு என்ன நடந்தது? உயிரோடை இருக்கிறாவோ?" என்று கேட்டாவாம். எங்கள் ஆட்களுக்கு ஒருவர் திடீரென்று காணாமற்போனால் வேறென்ன நினைக்கத் தோன்றும்? அந்தப் பிள்ளை தாயின் ஆண்டுத் திவசத்துக்குச் சமைக்க என் பக்கத்தைத் தேடியிருக்கிறாள்.

இருபத்துமூன்றாம் நாள் சீட்டைக் கழிவு போட்டு எடுத்துக் கட்டினேன். பெயர் திரும்பக் கிடைத்தது. ஆட்கள் பழையபடி வர மாசியாகிவிட்டது.

இப்போது பாதிக்குப் பாதி என்று இல்லை. டொலரில் கட்டவேண்டியதை முதலில் எடுத்துவைக்கிறேன், அதில் கை வைப்பதில்லை. மிச்சத்தில் மூன்றில் ஒன்று விதைக்கு. பிள்ளைகளுக்கு வருத்தம் வந்த மாதம் விதையைக் குறைத்தேன், நிறுத்தவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் நூறு டொலர் சேருகிறது. இதை மட்டும் நம்பி நான் இருக்கவில்லை. கோழிகளும் இடியப்பமும்தான் எங்கள் வீட்டைக் கொண்டுபோகின்றன. யாராவது இதைச் செய்ய விரும்பினால் கைத்தொழிலை விட்டுவிட்டுத் தொடங்கவேண்டாம். வட்டிக்கு வாங்கியும் தொடங்கவேண்டாம்.

சங்கிலி போன வருடம் மீண்டது. வீட்டு நிரலிலிருந்துதான்.

வருகிற புதன்கிழமை நெடுங்கேணிப் பக்கம் ஒரு அம்மாவிடம் போகிறேன். இலைக்கஞ்சிக்குப் பதினொரு வகை இலை போடுவாவாம். எங்கள் அம்மா ஏழுதான் போட்டவ. பஸ் காசை விதை நிரலில் எழுதிவிட்டேன்.