அப்பாவின் பொழுதுபோக்கு என்ன?

பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். 'அப்பாவின் பொழுதுபோக்கு என்ன?' என்று அதில் ஒரு கேள்வி. மதுரை கே.கே. நகரில் இருக்கும் என் நண்பரின் மகள், மூன்றாம் வகுப்பு, யோசிக்கவே இல்லை. எழுதிவிட்டாள்: 'செல்போன் நோண்டுவது.'

மனிதர் ஆடிப் போய்விட்டார்! கல்லூரி நாட்களில் ஜெயகாந்தனையும் சுஜாதாவையும் கரைத்துக் குடித்தவர் அவர்.

"எனக்கு எங்கப்பா நேரம்? காலைல ஸ்கூல் வேன், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் வந்தா ஹோம்வொர்க். கல்யாணத்துக்குப் பரிசா வந்த புஸ்தகத்தையே இன்னும் பிரிக்கலை!" என்று புலம்பினார்.

நியாயமான புலம்பல்தான். ஆனால், 'நேரம் கிடைச்சா படிக்கலாம்' என்பது, 'சம்பளத்தில் மிச்சம் விழுந்தா சேமிக்கலாம்' என்பது மாதிரி. என்றைக்கு சார் மிச்சம் விழுந்திருக்கிறது?

மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றம் இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களிடம் 'ரீகல் டாக்கீஸ்' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பகலில் அங்கே வாசகசாலை. பொழுது சாய்ந்தால் இங்கிலீஷ் படம்! கட்டடம் ஒன்றுதான், நேரத்தைப் பிரித்துக் கொடுத்ததில் இரண்டும் நடந்தன. நம் நாளையும் அப்படிப் பிரித்தால் என்ன?

வாரா வாரம் கொஞ்சம்

'ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் படிப்பு' என்று நினைப்பதுதான் தப்பு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக வந்தது. அன்றைய வாசகர்கள் அத்தனை பெரிய நாவலை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தார்கள். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் அழுதன, உலையும் கொதித்தது!

கணக்கு சுலபம். தினம் 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம். 300 பக்கப் புத்தகங்கள் பன்னிரண்டு! அந்த 10 பக்கத்துக்குக் கால் மணி நேரம் போதும்.

அந்தக் கால் மணி எங்கே? பாட்டு கிளாஸ் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கிறோமே, அங்கே. திருமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில். சலூனில். தூத்துக்குடியில் ஒரு சலூன்காரர் கடைக்குள்ளேயே நூலகம் வைத்து, படிக்கிறவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தார். 2020-ல் பிரதமரே வானொலியில் அவரோடு பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு புது நத்தம் ரோட்டுக்குப் போகலாம். 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் விரிந்து கிடக்கிறது. குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. அவர்கள் அங்கே விளையாட்டும் படிப்புமாக இருந்தால், நம் பத்துப் பக்கம் இருபதாகும்.

பாத்திரம் யார் தேய்ப்பது?

நண்பர் ஆரம்பித்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு செல்போன் ஃபிரிட்ஜ் மேலே போய்விடும். மகள் கையில் ஒரு கதைப் புத்தகம், இவர் கையில் ஒன்று. அடுக்களையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, எனக்கும் படிக்கத் தெரியும்!"

நியாயம்தானே? அம்மா பாத்திரம் தேய்க்க, அப்பா மட்டும் படித்தால் அதற்குப் பெயர் வாசிப்பு இல்லை, டிமிக்கி! இப்போது இருவரும் சேர்ந்து வேலையை முடிக்கிறார்கள். ஒன்பதே கால் முதல் ஒன்பதரை வரை வீட்டில் மூன்று பேரும் வாசகர்கள்.

முதல் வாரம் மூன்றாவது பக்கத்திலேயே நண்பருக்குக் குறட்டை! "அப்பா, இன்னும் ஏழு பக்கம் இருக்கு" என்று எழுப்பியது மகள்தான். 'படி, படி' என்று அவளை அவர் விரட்டிய காலம் போய், அவள் அவரை விரட்டுகிறாள்.

பள்ளிக்கூடத்தில் இந்த வருடமும் அதே தாளைக் கொடுத்தார்கள். அப்பாவின் பொழுதுபோக்கு?

'புத்தகத்தை மூஞ்சியில் வைத்துக்கொண்டு தூங்குவது.'

முன்னேற்றம்தானே சார்!