பட்டா இல்லாத வட்டு
திறந்த கணினி: தொடர் – 12

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, அனுமதி என மூன்றும் எப்படிப் பதிவாகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்தப் பதிவு எதுவுமே இல்லாத வட்டு ஒன்றைச் செருகினால் என்ன ஆகும்? டாஸ் முறையில் ஃபார்மட் செய்த பழைய ஃப்ளாப்பியும் இன்று கையில் இருக்கும் பல பென்டிரைவ்களும் அந்த வகைதான்.

அந்த முறையின் பெயர் ஃபேட். 1977இல் மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்டு அதை பேசிக் மொழிக்காக எழுதினார். டிம் பேட்டர்சன் அந்த ஏற்பாட்டைத் தம் இயங்குதளத்துக்கு எடுத்துக்கொண்டார். 1981இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸ் அதன் தொடர்ச்சி. ஃபேட் வட்டில் ஒரு கோப்புக்கான பதிவு 32 பைட். பெயருக்கு 8 எழுத்து, வகைக்கு 3 எழுத்து, அளவு, நாள், நேரம், கோப்பு தொடங்கும் இடம், ‘படிக்க மட்டும்’, ‘மறைத்தது’ போன்ற சில குறிகள். இது யாருடைய கோப்பு என்று எழுத இடம் இல்லை. ஒரு மேசை, ஒரு கணினி, ஒரே ஆள் என்று இருந்த காலத்தில் அந்தக் கேள்வி எழவும் இல்லை. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யுனிக்ஸோ பலர் ஒரே கணினியில் வேலை செய்வதற்காக வளர்ந்தது.

ஆகவே லினக்ஸின் கண்ணுக்கு டாஸ் வட்டு பட்டா இல்லாத நிலம். அது யார் பேரில், யாருக்கு எவ்வளவு அனுமதி என்பதை வட்டு சொல்லாது. நிர்வாகிதான் சொல்ல வேண்டும். டாஸ் வட்டுக்காக நாம் எழுதும் அமைப்புவரிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே தீர்மானத்தைச் சொல்பவை.

மவுன்ட் செய்யும் வழி

முதல் வழி, வட்டை லினக்ஸின் கோப்பு மரத்தில் ஒரு கிளையாக இணைப்பது. இடிசி கோப்பகத்தில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் இதற்கு ஒரு வரி போதும்: எந்தச் சாதனம், எந்தக் கோப்பகத்தில், என்ன வகை, என்னென்ன விருப்பங்கள். வகை என்ற இடத்தில் விஃபேட் என்று எழுதுகிறோம்.

விருப்பங்களில் யுஐடி உரிமையாளரையும் ஜிஐடி குழுவையும் சொல்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டால், மவுன்ட் செய்தவரே எல்லாக் கோப்புக்கும் உரிமையாளர். ரூட் மவுன்ட் செய்த பென்டிரைவில் சாதாரணப் பயனரால் எழுத முடியாமல் போவது இதனால்தான். பலர் உடனே சோன் கட்டளையால் உரிமையாளரை மாற்றப் பார்க்கிறார்கள். அது மறுக்கப்படும், ஏனென்றால் புதிய பெயரைக் குறித்துவைக்க வட்டில் இடமே இல்லை. மவுன்டை நீக்கிவிட்டுச் சரியான விருப்பத்தோடு மீண்டும் இணைப்பதுதான் தீர்வு.

அனுமதியை யுமாஸ்க் சொல்கிறது. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்ற கணக்கு முந்தைய வாரத்தில் வந்தது. யுமாஸ்க் எதைக் கொடுக்கலாம் என்று சொல்வதில்லை, எதை மறுக்க வேண்டும் என்று சொல்கிறது. 022 என்றால் குழுவினரும் பிறரும் எழுத முடியாது. 077 என்றால் உரிமையாளரைத் தவிர யாருக்கும் எதுவும் இல்லை. கோப்புக்கும் கோப்பகத்துக்கும் வெவ்வேறு அனுமதி வேண்டுமானால் எஃப்மாஸ்க், டிமாஸ்க் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். எஃப்மாஸ்க் 133, டிமாஸ்க் 022 என்பது நல்ல இணை. கோப்புகள் எதற்கும் ‘இயக்கலாம்’ என்ற அனுமதி வராது, கோப்பகங்களுக்குள் நுழையவும் தடை இருக்காது.

‘யூசர்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சாதாரணப் பயனரும் அந்த வட்டை மவுன்ட் செய்யலாம். அதோடு, வட்டில் உள்ள நிரல்களை இயக்கக் கூடாது என்ற தடையும் தானாக வந்துவிடும். தெரியாதவர் கொண்டுவரும் பென்டிரைவுக்கு இது அவசியமான காவல்.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 95 காலத்தில் வந்த நீண்ட பெயர்கள் யூனிகோடில் பதிவாகின்றன. மவுன்ட் செய்யும்போது யுடிஎஃப்-8 என்று குறிப்பிடாவிட்டால் ‘கடிதம்’ என்ற பெயர் கேள்விக்குறிகளாகத் தெரியக்கூடும். வட்டில் பெயர் பத்திரமாகவே இருக்கிறது. பயந்து அழித்துவிட வேண்டாம்.

எம்டூல்ஸ் வழி

இரண்டாவது வழியில் மவுன்ட் தேவையில்லை. 1980களில் எம்மெட் கிரே தொடங்கிய எம்டூல்ஸ் தொகுப்பில் எம்டிர், எம்காப்பி, எம்டெல் என்று டாஸ் கட்டளைகளுக்கு இணையானவை இருக்கின்றன. யுனிக்ஸில் இல்லாத டிரைவ் எழுத்துகள் இதில் உண்டு. ‘ஏ’ என்றால் எந்தச் சாதனம் என்பதை இடிசி கோப்பகத்தில் உள்ள எம்டூல்ஸ் அமைப்புக் கோப்பில் நிர்வாகி எழுதலாம். உங்கள் வீட்டுக் கோப்பகத்தில் நீங்களே தனியாகவும் எழுதிக்கொள்ளலாம்.

ஃப்ளாப்பிக்கு இது மிகவும் ஏற்றது. மவுன்ட் செய்த வட்டில் எழுதுவது முதலில் நினைவகத்தில் தங்கி, பிறகுதான் வட்டுக்குப் போகும். பிசியின் ஃப்ளாப்பி டிரைவிலோ பொத்தானை அழுத்தினால் எப்போது வேண்டுமானாலும் வட்டு வெளியே வந்துவிடும். அப்படி இழந்த கோப்புகள் ஏராளம். எம்டூல்ஸ் கட்டளை முடிந்து, டிரைவின் விளக்கும் அணைந்துவிட்டால் வட்டை எடுக்கலாம். ஆனால் மவுன்ட் செய்திருக்கும் வட்டின் மீது எம்டூல்ஸைப் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாமல் வட்டின் அட்டவணை சிதையும்.

எம்டூல்ஸ் சாதனத்தை நேரடியாகத் தொடுவதால் பயனருக்குச் சாதனக் கோப்பின் மீது அனுமதி வேண்டும். டெபியனில் இதற்கென்றே ‘ஃப்ளாப்பி’ என்ற குழு இருக்கிறது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ‘டிஸ்க்’ குழுவில் யாரையும் சேர்க்காதீர்கள். அந்தக் குழுவில் இருப்பவர் கணினியின் எல்லா வட்டுகளையும் நேரடியாகப் படிக்கலாம், எழுதலாம். ரூட் கடவுச்சொல்லைக் கொடுப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பெட்டியில் ஃப்ளாப்பி இருந்தால்

ஜப்பானில் சோனி ஃப்ளாப்பி விற்பனையை 2011 மார்ச்சில் நிறுத்தியது. காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் ஒருவர் எழுதிய கதையோ, ஒரு சங்கத்தின் கணக்கோ அதில் இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள். 3.5 அங்குல வட்டின் மூலையில் இருக்கும் சிறு தடுப்பை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள்; பிறகு யாராலும் அதில் எழுத முடியாது. டிடி கட்டளையால் முழு வட்டையும் ஒரே கோப்பாகப் படியெடுங்கள். 1.44 எம்பி வட்டு என்றால் அந்தக் கோப்பு சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவாக இருந்தால் அதன் சாதனப் பெயர் ஹார்டு டிஸ்க்கின் பெயர் போலவே வரும். பெயரை இருமுறை சரிபார்த்த பிறகே கட்டளையைக் கொடுங்கள். எம்டூல்ஸ் அந்தப் படிக்கோப்பையே ஒரு டிரைவாக ஏற்றுக்கொள்ளும். மூல வட்டை மறுபடி தொட வேண்டியதில்லை.

ஃப்ளாப்பியே பார்த்திராதவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும். இன்றைய கணினி யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதியும் ஃபேட் வட்டுதான். டெபியனோ உபுண்டுவோ வைத்திருந்தால் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, பூட் கோப்பகத்துக்குள் இஎஃப்ஐ என்று வரும் வரியைப் பாருங்கள். பெரும்பாலும் யுமாஸ்க் 0077 என்று இருக்கும். கணினியை எழுப்பும் கோப்புகளை ரூட் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று உங்களுக்காக ஒருவர் எடுத்துவைத்த முடிவு அது. இனி வேறொரு வட்டுக்கு அந்த முடிவை நீங்களே எடுக்கலாம்.

அடுத்த வாரம்: கெட்டுப்போன செக்டர்கள் உள்ள வட்டிலிருந்து கோப்புகளை மீட்பது எப்படி?

(தொடரும்)