"பால் பல்தானே, விழுந்துடும்"னு விடலாமா? புதுக்கோட்டை பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியவை

குழந்தைக்குப் பல்லில் சொத்தை என்றால் பல வீடுகளில் வரும் முதல் பதில், "பால் பல்தானே, தானா விழுந்துடும்" என்பதுதான். முன்பற்களுக்கு இது ஓரளவு சரி. 6, 7 வயதில் அவை விழ ஆரம்பிக்கும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 4 வயதில் அங்கே சொத்தை விழுந்தால், அந்தப் பல்லை வைத்துக்கொண்டு குழந்தை இன்னும் 6 முதல் 8 வருஷம் சாப்பிட்டாக வேண்டும்.

உலகம் முழுக்க சுமார் 51 கோடி குழந்தைகளுக்குப் பால் பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது.

பால் பல்லை அப்படியே விட்டால் என்ன ஆகும்?

சொத்தை ஆழமானால் பல்லின் நரம்பு வரை போகும். வலி, வீக்கம், சீழ் வரும். குழந்தை சரியாகச் சாப்பிடாது, தூங்காது, பள்ளிக்கூடத்துக்கு லீவு போடும். பல்லைச் சீக்கிரமே பிடுங்க வேண்டி வந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளிக்குள் சாயும். பிறகு முளைக்க வேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடம் இருக்காது, கோணலாக முளைக்கும்.

6 வயதில் எதைக் கவனிக்கணும்?

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சுமார் 6 வயதில், பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் இது வருவதால், இதையும் பால் பல் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இது நிரந்தரப் பல். போனால் இன்னொன்று முளைக்காது. மேல்பக்கம் குழிகளும் பள்ளங்களும் இருப்பதால் சாப்பாட்டுத் துணுக்குகள் ஒட்டி, சீக்கிரம் சொத்தையாகும். முளைத்ததுமே பல் டாக்டரிடம் காட்டினால், அந்தப் பள்ளங்களைப் பூசி அடைக்கும் 'சீலன்ட்' போடலாம். ஊசி, வலி எதுவும் இல்லை.

பல் துலக்குவது எப்போ, எப்படி?

முதல் பல் தெரிந்ததுமே ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் அது 6 மாத வாக்கில் வரும். 3 வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு போதும். ஃபுளோரைடு சுமார் 1000 பி.பி.எம். இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். காலையில் ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை. இரண்டில் இரவுதான் முக்கியம். 7, 8 வயது வரை பெரியவர்கள்தான் துலக்கிவிட வேண்டும். அதுவரை குழந்தையின் கைக்கு அந்த லாகவம் வராது. சாம்பல், செங்கல்பொடி வேண்டாம், எனாமல் தேயும்.

சாப்பாட்டில் என்ன மாத்தணும்?

இனிப்பு எவ்வளவு என்பதோடு, ஒரு நாளில் எத்தனை தடவை என்பதும் முக்கியம். டீயில் நனைத்த பிஸ்கட், பன், ஜவ்வு மிட்டாய் எல்லாம் பல்லில் ஒட்டி நிற்கும். அடிக்கடி கொறிப்பதைவிட, இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுப்பது நல்லது. பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விடக் கூடாது. இனிப்பான சிரப் மருந்து கொடுத்தால், பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

புதுக்கோட்டையில் எங்கே காட்டுவது?

2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில், நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளில் வருஷத்துக்கு 2 முறையும், அரசுப் பள்ளிகளில் ஒரு முறையும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அதில் பல்லும் உண்டு. பிரச்சினை இருந்தால் மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டு புத்தகப் பையிலேயே கிடந்துவிடக் கூடாது.

புதுக்கோட்டையில் 2023 நவம்பரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னை, கடலூர் மாவட்டங்களுக்கு அடுத்து மாநிலத்தின் 3-வது அரசு பல் மருத்துவக் கல்லூரி இது. 50 பி.டி.எஸ். இடங்கள் கொண்டது. தாலுகா தலைமையிடங்களில் உள்ள அரசு மருத்துவமனைகளிலும் பல் பிரிவு இருக்கிறதா, எந்த நாளில் டாக்டர் இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போகலாம்.

"ஒரு நாள் கூலி போயிடுமே?"

மணமேல்குடியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ டவுனுக்கு வந்து போக ஒரு நாள் ஆகும் என்பது உண்மைதான். அதனால்தான் சீக்கிரம் வருவது லாபம். ஈறு ஓரத்தில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைக் கோடு தெரியும் நிலையில் வந்தால், ஃபுளோரைடு பூச்சும் நல்ல துலக்கலும் சொத்தையை நிறுத்திவிடலாம். சின்னக் குழி என்றால் பெரும்பாலும் ஒரே நாளில் அடைத்துவிடலாம். நரம்பு வரை போன பிறகு வந்தால் 2, 3 முறைகூட அலைய வேண்டியிருக்கும். அத்தனை நாள் கூலியும் போகும்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுவது நல்லது.

விழுந்து பல் கழன்றுவிட்டால்?

பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது. டாக்டரிடம் காட்டினால் போதும். நிரந்தரப் பல் என்றால், வேர்ப் பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் அந்தப் பல் பிழைக்க வாய்ப்பு அதிகம்.